வால்விலிருந்து சார்ஜர் வரை: மின்சாரத்தை ஒருவழிப்படுத்திய கதை

செல்பேசி சார்ஜர் இல்லாத வீடு இன்று அரிது. சுவரில் உள்ள பிளக்கில் இருப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். செல்பேசிக்குள் போவது பெரும்பாலும் 5 வோல்ட் நேர்திசை மின்சாரம். இரண்டுக்கும் நடுவில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? ஆறாம் வகுப்பு மாணவரும் இதைக் கேட்பார். விடை மேல்நிலை இயற்பியலில், குறைகடத்திப் பாடத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தில் டையோடு ஒரு குறியீடாகவே அறிமுகமாகிறது: ஒரு முக்கோணம், அதன் நுனியில் ஒரு கோடு. "ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தைக் கடத்தும்" என்று மாணவர் எழுதுகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். "ஏன் ஒரு திசையில் மட்டும்?" என்று கேட்டால் தயங்குகிறார். பி-என் சந்தி, துளைகள், இயக்கமில்லாப் பகுதி ஆகியவற்றை அவரால் மனக்கண்ணில் காண முடிவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஓர் எளிய வழி உண்டு. குறைகடத்தி டையோடுக்கு முன்பு அதே வேலையைச் செய்த வெற்றிடக் குழாயை முதலில் சொல்லிக்கொடுப்பதுதான் அது. வெற்றிடக் குழாயில் "ஏன் ஒரு திசையில் மட்டும்" என்பதற்கு ஒரே வரியில் விடை கிடைக்கும்: ஒரு முனை சூடாக இருக்கிறது, மறுமுனை குளிர்ந்திருக்கிறது. இந்த விடை பிடிபட்டுவிட்டால், அலைதிருத்தி, வடிகட்டி, மின்வழங்கி எல்லாம் வரிசையாகப் புரியத் தொடங்கும்.

விளக்குக்குள் படிந்த கரி

1880-களின் தொடக்கம். தாமஸ் ஆல்வா எடிசனின் மின்விளக்குகளில் ஒரு சிக்கல் இருந்தது. கார்பன் இழை எரிய எரிய, கண்ணாடிக் குமிழின் உட்புறம் கறுத்துக்கொண்டே வந்தது. காரணம் அறிய, குமிழுக்குள் இழையைத் தொடாதபடி ஓர் உலோகத் தகட்டைப் பொருத்திப் பார்த்தார் எடிசன். அந்தத் தகட்டை மின்மூலத்தின் நேர்முனையுடன் இணைத்தபோது, இழைக்கும் தகட்டுக்கும் இடையே எந்தக் கம்பியும் இல்லாத வெற்றிடத்தின் வழியாகச் சிறு மின்னோட்டம் பாய்ந்தது. எதிர்முனையுடன் இணைத்தபோது எதுவும் பாயவில்லை.

1883-இல் இந்த விளைவைப் பயன்படுத்தும் ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆனால் அதற்கான காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. எலக்ட்ரான் என்ற துகளை ஜே.ஜே. தாம்சன் அடையாளம் கண்டது 1897-இல்தான். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் விதியை ஓவன் ரிச்சர்ட்சன் 1901-இல் வகுத்தார். பின்னாளில் 1928-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இந்தப் பணிக்காகவே அவருக்கு வழங்கப்பட்டது.

இந்த வரிசை வகுப்பறைக்கு முக்கியமானது. விளைவு முதலில் கண்ணில் பட்டது. விளக்கம் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அறிவியல் எப்போதும் வரையறையிலிருந்து தொடங்குவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சூடு எதற்கு? வெற்றிடம் எதற்கு?

சோறு கொதிக்கும் பானையை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் சூடேறும்போது மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளில் அதிக ஆற்றல் பெற்றவை ஆவியாக வெளியேறுகின்றன. உலோகத்துக்குள் கட்டற்று அலையும் எலக்ட்ரான்களும் ஏறத்தாழ அப்படித்தான். சாதாரண வெப்பநிலையில் அவை உலோகத்தின் மேற்பரப்பைத் தாண்டுவதில்லை. தாண்டுவதற்குக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. அதுவே வெளியேற்று ஆற்றல். டங்ஸ்டனுக்கு இது ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். உலோகத்தை நன்கு சூடாக்கினால் சில எலக்ட்ரான்களுக்கு அந்த ஆற்றல் கிடைத்து, அவை வெளியே வந்துவிடுகின்றன. இதுவே வெப்ப அயனி உமிழ்வு.

வெறும் டங்ஸ்டன் இழை போதிய அளவு எலக்ட்ரான்களை உமிழ 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக வேண்டும். பேரியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைப் பூசினால் வெளியேற்று ஆற்றல் குறைகிறது. 700 முதல் 800 டிகிரியே போதும். பழைய வால்வு ரேடியோவின் பின்புறத்தில் தெரியும் மங்கலான செந்நிற ஒளி இந்தச் சூட்டின் அடையாளம். அந்த ரேடியோ சுவிட்சைப் போட்டவுடன் பாடாது. எதிர்மின்வாய் சூடேறி எலக்ட்ரான்களை உமிழும்வரை அரை நிமிடம்போல் காத்திருக்க வேண்டும்.

ஆவி உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நீராவிக்கு மின்னூட்டம் இல்லை; எலக்ட்ரானுக்கு உண்டு. வெளியேறிய எலக்ட்ரான்கள் எதிர்மின்வாயைச் சுற்றி ஒரு மேகம்போல் சூழ்ந்து, அடுத்து வர முயலும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகின்றன. எதிரே உள்ள தகட்டுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால்தான் அந்த மேகம் அங்கே இழுக்கப்படும்.

குழாயினுள் ஏன் வெற்றிடம் வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, காற்று இருந்தால் சூடான இழை ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிந்துபோகும். இரண்டு, பாயும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். வெற்றிடம் நீடிக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. பழைய வால்வைக் கையில் எடுத்தால் கண்ணாடியின் உட்புறத்தில் கண்ணாடி ரசம் பூசியதுபோல் ஒரு வெள்ளித் திட்டு தெரியும். அது பேரியம் படலம். எஞ்சியிருக்கும் வாயுக்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அந்தத் திட்டு வெளுத்துவிடும். வால்வு கெட்டுவிட்டது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

ஃபுட் வால்வும் ஃபிளெமிங் வால்வும்

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஃபிளெமிங்கின் இடக்கை விதி தெரியும. அதே ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங்தான் எடிசன் விளைவுக்கு முதல் பயன் கண்டவர். லண்டனில் எடிசன் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தபோது அவர் அந்த விளைவை ஆராய்ந்திருந்தார். பின்னர் மார்க்கோனி நிறுவனத்துக்கு ஆலோசகரானார். அங்கே ஒரு தேவை எழுந்தது. ரேடியோ அலைகள் தரும் மின்னோட்டம் மிக வேகமாகத் திசை மாறுகிறது. கால்வனாமீட்டரின் முள் இருபுறமும் சமமாக இழுக்கப்படுவதால் அசையாமல் நிற்கிறது. ஒரு திசை ஓட்டத்தை மட்டும் அனுமதித்தால் முள் அசையும். அப்போது அவருக்கு எடிசனின் விளக்கு நினைவுக்கு வந்தது. 1904-இல் இரண்டு மின்வாய்கள் கொண்ட குழாய்க்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். அதுவே முதல் வெற்றிட டையோடு.

அவர் அதற்கு வைத்த பெயர் 'வால்வு'. இந்தப் பெயரை விளக்க நமக்கு ஆங்கில அகராதி தேவையில்லை. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. தண்ணீரை மேலே விடும். திரும்பிக் கீழே இறங்க விடாது. சைக்கிள் சக்கரத்தில் வால் டியூப் இருக்கிறது. பம்பு அடிக்கும் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. ஃபிளெமிங்கின் வால்வும் அதுதான். சூடான எதிர்மின்வாயிலிருந்து குளிர்ந்த நேர்மின்வாய்க்கு எலக்ட்ரான்கள் போகும். முனைகளை மாற்றி இணைத்தால், குளிர்ந்த தகட்டிலிருந்து எலக்ட்ரான் கிளம்பவே முடியாது. ஆகவே எதுவும் பாயாது.

அதே 1904-ஆம் ஆண்டில் இன்னொரு நிகழ்வும் உண்டு. ரேடியோ அலைகளைக் கண்டறிய கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைப் பயன்படுத்தும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்தியைப் பயன்படுத்தும் கருவிகளுக்கான மிக முற்பட்ட காப்புரிமைகளுள் அது ஒன்று. வெற்றிடமும் குறைகடத்தியும் ஒரே காலத்தில் ஒரே வேலைக்கு முன்வந்தன. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னிலை வகித்தது வெற்றிடம். அதன் பிறகு குறைகடத்தி.

நடுவில் ஒரு வலை

ஃபிளெமிங்கின் குழாய் மின்னோட்டத்தைத் தடுக்கும் அல்லது விடும்; பெருக்காது. அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-07 ஆண்டுகளில் இரு மின்வாய்களுக்கும் நடுவே மெல்லிய கம்பியால் ஆன மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். அதன் பெயர் கிரிட். எதிர்மின்வாய்க்கு மிக அருகில் இருப்பதால், கிரிட்டின் மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் எலக்ட்ரான் பாய்வைப் பெரிதும் கூட்டும் அல்லது குறைக்கும். இதுவே டிரையோடு. 1915-இல் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்தில், வழியிலே தேய்ந்துபோகும் குரலை மீண்டும் பெருக்கியவை வெற்றிடக் குழாய்களே.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. "பெருக்கி என்ன செய்யும்?" என்று கேட்டால், "சிறிய ஆற்றலைப் பெரிய ஆற்றலாக்கும்" என்று பல மாணவர்கள் எழுதுவார்கள். அப்படியானால் ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆனது? மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொள்வோம். திருகைத் திருப்ப விரலின் சிறு விசை போதும். ஆனால் பாய்கிற தண்ணீரின் ஆற்றல் விரலிலிருந்து வரவில்லை, தொட்டியிலிருந்து வருகிறது. பெருக்கியிலும் கிரிட்டுக்கு வரும் சிறு குறிப்பலை திருகைத் திருப்புகிறது. ஒலிபெருக்கியை அதிரவைக்கும் ஆற்றல் மின்வழங்கியிலிருந்து வருகிறது. பள்ளி ஆண்டு விழாவில் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மைக்கில் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை என்பதை எல்லா மாணவர்களும் அறிவார்கள். மின்வழங்கி என்ற பாடத்துக்கு இதுவே வாசல்.

வால்வுக்குத் தீனி போட்ட பெட்டி

வால்வுக்கு இரண்டு வகை மின்சாரம் வேண்டும். இழையைச் சூடாக்க, குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம். நேர்மின்வாய்க்கு, அதிக மின்னழுத்தத்தில் குறைந்த மின்னோட்டம். 1920-களில் வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. இழைக்கான பேட்டரியை 'ஏ' என்றும், நேர்மின்வாய்க்கான 45 அல்லது 90 வோல்ட் பேட்டரியை 'பி' என்றும், கிரிட்டுக்கானதை 'சி' என்றும் அழைத்தனர். பேட்டரிகள் விலை கூடியவை, விரைவில் தீர்ந்துவிடும். சுவரிலே மின்சாரம் இருக்கும்போது பேட்டரி எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

ஆனால் சுவரில் இருப்பது மாறுதிசை மின்சாரம். நம் நாட்டில் அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. அதை நேரடியாக வால்வின் நேர்மின்வாய்க்குக் கொடுத்தால் பாட்டுக்குப் பதில் உறுமல்தான் கேட்கும். அதை ஒரே திசையில், ஏற்ற இறக்கமின்றி ஓடச் செய்ய வேண்டும். அந்த வேலைக்கும் வால்வே வந்தது. ரேடியோவில் மற்ற வால்வுகள் ஒலியைக் கையாள, ஒரு வால்வு மட்டும் மின்சாரத்தைத் திருத்தும் வேலையைப் பார்த்தது.

மின்வழங்கியின் நான்கு படிகள்

அன்றைய வால்வு ரேடியோவானாலும் இன்றைய ஆய்வகப் பெட்டியானாலும், எளிய மின்வழங்கியில் நான்கு படிகள் உண்டு.

முதல் படி, மின்மாற்றி. 230 வோல்ட்டைத் தேவைக்கேற்பக் கூட்டும் அல்லது குறைக்கும். வால்வு ரேடியோவின் மின்மாற்றியில் ஒரு சுருள் இழைக்காக 6.3 வோல்ட் தரும். இன்னொரு சுருள் சில நூறு வோல்ட் தரும். மின்மாற்றியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது மாறுதிசை மின்சாரத்தில் மட்டுமே வேலை செய்யும்; திருத்திய பிறகு வைத்தால் பயன்படாது.

இரண்டாம் படி, அலைதிருத்தி. ஒரு டையோடு மட்டும் இருந்தால் அலையின் ஒரு பாதி கிடைக்கும், மறுபாதி வீணாகும். நான்கு டையோடுகளைச் சமனச் சுற்றாக அமைத்தால் இரு பாதிகளும் ஒரே திசைக்குத் திரும்பும். இப்போது நொடிக்கு 100 மேடுகள். திசை ஒன்றாகிவிட்டது, ஆனால் அளவு இன்னும் பூஜ்ஜியத்துக்கும் உச்சத்துக்கும் இடையே துடிக்கிறது.

மூன்றாம் படி, வடிகட்டி. இங்கே மின்தேக்கி ஒரு தொட்டிபோல் வேலை செய்கிறது. மின்னழுத்தம் உச்சத்தைத் தொடும்போது நிரம்புகிறது. இறங்கும்போது தன்னிடம் உள்ளதைச் சுற்றுக்குக் கொடுக்கிறது. தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் தொட்டி இருந்தால் வீட்டுக் குழாய் ஓடிக்கொண்டே இருப்பதைப் போல.

நான்காம் படி, மின்னழுத்தச் சீராக்கி. எஞ்சியுள்ள சிறு ஏற்ற இறக்கத்தையும் களைந்து, மாறாத மின்னழுத்தத்தைத் தருகிறது. 5 வோல்ட்டுக்கு 7805 என்ற மூன்று கால் சில்லு பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மின்மாற்றி 9 வோல்ட் தருகிறது. இது ஆர்எம்எஸ் மதிப்பு. உச்ச மதிப்பு 9-ஐ 1.414-ஆல் பெருக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 12.7 வோல்ட். சமனச் சுற்றில் எப்போதும் இரண்டு டையோடுகள் கடத்துகின்றன. ஒன்றுக்கு 0.7 வோல்ட் வீதம் 1.4 வோல்ட் போக, மின்தேக்கியில் 11.3 வோல்ட் சேரும். சுற்று 0.1 ஆம்பியர் எடுக்கிறது. இரு மேடுகளுக்கு இடைவெளி 0.01 நொடி. அந்த நேரத்தில் மின்தேக்கி இழக்கும் மின்னூட்டம் 0.1 × 0.01 = 0.001 கூலூம். மின்தேக்கியின் மதிப்பு 1000 மைக்ரோஃபாரட், அதாவது 0.001 ஃபாரட். மின்னூட்டத்தை மின்தேக்குதிறனால் வகுத்தால் மின்னழுத்த இறக்கம் 1 வோல்ட். ஆக, மின்னழுத்தம் 11.3-க்கும் 10.3-க்கும் இடையே அலைகிறது. 7805 சில்லு சரியாக இயங்க உள்ளீடு ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இங்கே அந்த நிபந்தனை நிறைவேறுகிறது. வெளியே 5 வோல்ட் நிலையாகக் கிடைக்கும்.

மின்தேக்கியை 100 மைக்ரோஃபாரடாகக் குறைத்தால் இதே கணக்கு 10 வோல்ட் இறக்கத்தைக் காட்டும்; அதாவது வடிகட்டி ஏறக்குறைய இல்லாததுபோல் ஆகிவிடும். பழைய ரேடியோவில் நாள்பட்ட மின்தேக்கி காய்ந்துபோனால் 'உம்' என்ற 100 ஹெர்ட்ஸ் உறுமல் எழுவதற்குக் காரணம் இதுவே. மின்தேக்கிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவருக்கு, அந்தச் சூத்திரத்தைக் காதால் கேட்கலாம் என்பது வியப்பாக இருக்கும்.

வால்வு போனது, வேலை நிற்கவில்லை

5ஒய்3 என்பது பரவலாகப் புழங்கிய ஓர் அலைதிருத்தி வால்வு. அதன் இழைக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டும். எலக்ட்ரான்களைக் கிளப்புவதற்காக மட்டும் எந்நேரமும் 10 வாட் செலவு. சிலிக்கான் டையோடுக்கு இழையே இல்லை. சூடேறக் காத்திருக்கவும் வேண்டாம். 1946-இல் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை எடுத்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, வால்வுகளின் இடம் படிப்படியாகச் சுருங்கியது.

ஆனாலும் வெற்றிடக் குழாய் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. மருத்துவமனையின் எக்ஸ் கதிர்க் குழாய் ஒரு வெற்றிடக் குழாய். சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் வோல்ட்டால் முடுக்கப்பட்டு உலோக இலக்கில் மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் மையத்தில் உள்ள மேக்னட்ரானும் வெற்றிடக் குழாயே. கனமான பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பிக்சர் டியூப்பும் அப்படித்தான்.

இனி சார்ஜருக்கு வருவோம். அதில் பெரிய இரும்பு மின்மாற்றி இல்லை. வரும் 230 வோல்ட் முதலிலேயே திருத்தப்பட்டு, ஒரு மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு வேகத்தில், ஒவ்வொரு முறையும் கடத்த வேண்டிய ஆற்றல் மிகக் குறைவு. அதனால் கட்டை விரல் நகம் அளவுள்ள மின்மாற்றியே போதுமானது. அதன் மறுபுறம் மீண்டும் ஒரு டையோடு, மீண்டும் ஒரு மின்தேக்கி. வெளியீடு 5 வோல்ட்டைவிட ஏறினாலோ இறங்கினாலோ அந்தச் செய்தி திரும்பிப் போய் டிரான்சிஸ்டரின் திறப்பு நேரத்தை மாற்றுகிறது. திருத்துதல், தேக்குதல், சீராக்குதல் என்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. வரிசையும் வேகமும்தான் மாறியிருக்கின்றன.

வகுப்பறையில் செய்து பார்க்க

கீழ்க்காணும் செயல்பாடுகள் எல்லாவற்றுக்கும் பேட்டரி மட்டுமே போதும். சுவர் மின்சாரத்தை எதிலும் பயன்படுத்தக் கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு. தரையில் சாக்பீஸால் இரண்டு கோடுகள். ஒரு கோட்டில் நிற்கும் குழந்தைகள் 'சூடான பக்கம்'. இவர்கள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார்கள். மறுகோட்டில் உள்ளவர்கள் 'குளிர்ந்த பக்கம்'. கைகட்டி அசையாமல் நிற்பார்கள். குளிர்ந்த பக்கத்தில் ஆசிரியர் '+' அட்டையைக் காட்டினால் குதிப்பவர்கள் ஒவ்வொருவராக அங்கே ஓடலாம். '−' அட்டையைக் காட்டினால் நின்றுவிட வேண்டும். சூடான பக்கத்தில் '+' அட்டையைக் காட்டினாலும் குளிர்ந்தவர்கள் அசையக் கூடாது. "இவர்கள் ஏன் ஓடவில்லை?" என்று கேளுங்கள். "அவங்க குதிக்கவே இல்லையே!" என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

நடுநிலை வகுப்புகளுக்கு: இரண்டு பென்சில் செல்கள், 100 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்.இ.டி. இணைத்தால் ஒளிரும், செல்களைத் திருப்பினால் ஒளிராது. எல்.இ.டி.யும் ஒரு டையோடே. டார்ச் பல்பை வைத்து இதையே செய்து, இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு: 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, நான்கு சிவப்பு எல்.இ.டி., ஒரு மஞ்சள் எல்.இ.டி. ஒரு சதுரத்தின் மூலைகளை அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை. அ-விலிருந்து ஆ-வுக்கும், இ-யிலிருந்து ஆ-வுக்கும், ஈ-யிலிருந்து அ-வுக்கும், ஈ-யிலிருந்து இ-க்கும் ஒவ்வொரு சிவப்பு எல்.இ.டி.; முதலில் சொன்ன மூலையில் நீண்ட கால் இருக்க வேண்டும். மஞ்சள் எல்.இ.டி.யின் நீண்ட காலை ஆ-விலும் குட்டைக் காலை ஈ-யிலும் இணையுங்கள். இவை முடிந்த பிறகே, பேட்டரியின் ஒரு முனையை மின்தடை வழியாக அ-வுடனும், மறுமுனையை இ-யுடனும் சேர்க்க வேண்டும்.

இரண்டு சிவப்பு விளக்குகளும் மஞ்சள் விளக்கும் ஒளிரும். பேட்டரியைத் திருப்புங்கள். இப்போது மற்ற இரண்டு சிவப்பு விளக்குகள் ஒளிரும். மஞ்சள் அப்படியே ஒளிர்கிறது. மின்னோட்டம் எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை மாணவர் கண்ணால் காண்கிறார். பாடநூலில் உள்ள முழு அலைதிருத்திப் படத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம்.

வடிகட்டிக்கு: 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கியை 9 வோல்ட் பேட்டரியுடன் ஒரு கணம் இணைத்துப் பிரித்துவிட்டு, 1000 ஓம் மின்தடையும் எல்.இ.டி.யும் கொண்ட தொடருடன் சேருங்கள். பேட்டரி இல்லாமலே எல்.இ.டி. சில நொடிகள் ஒளிர்ந்து மங்கும். மின்தேக்கியின் உடலில் எதிர்முனை குறிக்கப்பட்டிருக்கும். முனைகளை மாற்றி இணைத்தால் அது வீங்கி வெடிக்கக்கூடும். ஆகவே இணைப்பை ஆசிரியர் சரிபார்த்த பின்னரே பேட்டரியைச் சேர்க்க வேண்டும்.

அணைத்த பிறகும் இருக்கும் ஆபத்து

இந்தக் கடைசிச் செயல்பாடு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. மின்மூலத்தை எடுத்த பிறகும் மின்தேக்கியில் ஆற்றல் இருந்தது அல்லவா? பிளக்கைப் பிடுங்கிய கருவியிலும் அப்படியே இருக்கலாம்.

மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 1000 மைக்ரோஃபாரட், 9 வோல்ட்டில் ஏறத்தாழ 0.04 ஜூல். பழைய வால்வு ரேடியோவில் இருப்பதுபோன்ற 50 மைக்ரோஃபாரட், 350 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஜூல். மின்தேக்குதிறன் இருபதில் ஒரு பங்குதான். ஆற்றலோ எழுபது மடங்குக்கும் மேல். சார்ஜர், தொலைக்காட்சி, கணினியின் மின்வழங்கி ஆகியவற்றுக்குள் 325 வோல்ட் மின்தேக்கிகள் இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பில் உள்ளதோ சில ஆயிரம் வோல்ட். அது உயிரையே பறிக்கக்கூடியது. நன்கு வடிவமைத்த கருவிகளில், அணைத்த பின் மின்னூட்டத்தை வடித்துவிட ஒரு மின்தடை இணைத்திருப்பார்கள். ஆனால் அது பழுதடைந்திருந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

ஆர்வமுள்ள மாணவர் வீட்டில் கெட்டுப்போன சார்ஜரைத் திறந்து பார்ப்பார். அந்த ஆர்வத்தை நாம் வளர்க்கவே விரும்புகிறோம். ஆகவே, "திறக்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், ஏன் என்றும் சொல்ல வேண்டும்: "பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் இருக்கலாம். சுவர் மின்சாரத்தில் ஓடுகிற எதையும் நீங்களாகத் திறக்க வேண்டாம். செல்லிலும் சிறு பேட்டரியிலும் ஓடுகிற பழைய பொம்மையை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து திறந்து பார்ப்போம்." காரணம் தெரிந்த எச்சரிக்கை மாணவர் மனத்தில் தங்கும். மின்தேக்கிப் பாடம் நடத்தும் நாளிலேயே இதையும் சொல்லிவிடுவது நல்லது.

பாடம் நடத்தும்போது கவனிக்க

மூன்று இடங்களில் மாணவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். ஒன்று, திசை. வால்வுக்குள் எலக்ட்ரான்கள் எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குப் போகின்றன. மரபு மின்னோட்டத்தை நாம் அதற்கு எதிர்த்திசையில் குறிக்கிறோம். டையோடு குறியீட்டின் முக்கோணம் மரபு மின்னோட்டத்தின் திசையையே காட்டுகிறது. இரண்டு, அலைதிருத்தியிலிருந்து வருவது பேட்டரி தருவதுபோன்ற சீரான மின்சாரம் என்று எண்ணுவது. திசை மாறாமல் இருப்பது வேறு, அளவு மாறாமல் இருப்பது வேறு. முன்னது அலைதிருத்தியின் வேலை. பின்னது வடிகட்டி, சீராக்கி ஆகியவற்றின் வேலை. மூன்று, குறைகடத்தி டையோடிலும் சூடான இழை உண்டோ என்ற ஐயம். இல்லை. அங்கே ஒருவழித் தன்மையைத் தருவது சந்தியில் தானாக உருவாகும் மின்னழுத்த அரண். வால்வில் 'சூடு – குளிர்' என்ற வேறுபாடு செய்த வேலையை, சிலிக்கானில் 'பி – என்' என்ற வேறுபாடு செய்கிறது. இரு முனைகளும் ஒன்றுபோல் இல்லாததால்தான் ஓட்டம் ஒருவழியாகிறது என்ற மையக் கருத்து இரண்டுக்கும் பொது. இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டுவிட்டுக் குறைகடத்திப் பாடத்தைத் தொடங்கினால், முக்கோணமும் கோடும் மாணவர்களுக்கு வெறும் குறியீடாகத் தெரியாது.